ஆல்பிரட் பினே: அளவுகோல் செய்தவரும் அதைக் கையாண்டவர்களும்

பாடசாலையில் ஒரு பிள்ளை பாடத்தைப் பற்றிக்கொள்ளாமல் பின்தங்கினால், அவனை மக்கு என்று சொல்லிக் கடைசிப் பலகைக்கு அனுப்பிவிடுவது உலகெங்கும் நெடுங்காலமாக நடந்துவந்த வழக்கம். அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லையா, காது கேட்கவில்லையா, காலையில் ஏதேனும் உண்டு வந்தானா, எழுத்துக்கள் அவனுக்கு ஒன்றோடொன்று குழம்புகின்றனவா, அல்லது உபாத்தியாயரே அவனுக்குப் புரியும்படி சொல்லவில்லையா என்று விசாரிப்பவர் அரியர். விசாரித்தே தீரவேண்டும் என்று சொன்னதோடு நில்லாமல், எவ்வாறு விசாரிப்பது என்பதற்கு ஒரு முறையையும் வகுத்துக் கொடுத்தவர் ஆல்பிரட் பினே என்னும் பிரெஞ்சு அறிஞர்.

இன்று நம் நகரத்துப் பள்ளிகளில் ஒரு சிறுவன் எழுத்தில் பிழை மிகுதியாகச் செய்தாலும் கணக்கில் ஓயாது இடறினாலும், மனோதத்துவ நிபுணரிடம் அழைத்துப்போய்ப் பரிசோதனை செய்து அறிக்கை வாங்கி வரும்படி பெற்றோருக்குச் சொல்லப்படுவதுண்டு. அந்த அறிக்கையின் அடியில் காணும் ஓர் எண்ணைப் பார்த்துத் தாய்மார் கண்கலங்குவதையும், தந்தைமார் அக்காகிதத்தை உறவினர் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பதையும் நாம் அறிவோம். அந்த எண்ணுக்கு மூலபுருஷர் பினே என்று பலரும் கருதுகின்றனர். எண் அவருடையதன்று; அதை அவர் விரும்பியவருமல்லர். பிள்ளைகளைக் கைதூக்கிவிடுவதற்காக ஒருவர் செய்த கருவி, பிள்ளைகளைத் தள்ளிவைப்பதற்கான கருவியாக மாறிய விதத்தை எடுத்துரைக்கவே அவர் சரித்திரத்தை எழுதப் புகுந்தோம்.

பினே 1857-ஆம் வருஷம் ஜூலை மாதம் 8-ஆந் தேதி நீஸ் நகரத்தில் பிறந்தார். அந்நகரம் அப்பொழுது பிரான்ஸைச் சேர்ந்ததன்று. சார்தீனிய ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்தது. 1860-இல் அது பிரான்ஸுக்குக் கைமாறியது. தந்தையார் வைத்தியர். தாயார் சித்திரம் எழுதுவதில் பழக்கமுள்ளவர். தம்பதிகள் ஒத்து வாழாமல் பிரிந்தபடியால், சிறுவனைத் தாயாரே பாரிஸுக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். பேர்பெற்ற லூயி லெ கிராண்ட் பள்ளியில் கல்வி பயின்று, 1878-இல் சட்டப் பரீக்ஷையில் தேறினார். வக்கீல் தொழிலில் அவருக்கு மனம் செல்லவில்லை. வைத்தியம் படிக்கத் தொடங்கினார். அதையும் நடுவில் விட்டார். குடும்பத்தில் பொருளுக்குக் குறைவில்லையாதலால், வேலைக்குப் போகவேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இருக்கவில்லை.

இவ்வாறு எதிலும் நிலைபெறாமல் இருந்த இளைஞர் பாரிஸிலுள்ள தேசீய நூல்நிலையத்தில் போய் உட்கார்ந்தார். ஜான் ஸ்டூவர்ட் மில், ஸ்பென்ஸர், டேய்ன் முதலானோர் நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். மனித மனம் எவ்வாறு இயங்குகிறது என்னும் விஷயம் அவரைப் பற்றிக்கொண்டது. குருவின்றிக் கற்பவரிடம் ஒரு பலமும் ஒரு பலவீனமும் சேர்ந்தே காணப்படும். யாருக்கும் அடங்காத சிந்தனை பலம். தவறைச் சுட்டிக்காட்ட அருகில் ஒருவருமில்லாமை பலவீனம். 1880-இல் தோலின் ஸ்பரிச உணர்ச்சியைப் பற்றி அவர் வெளியிட்ட முதற் கட்டுரையை, பெல்ஜிய தேசத்துப் பேராசிரியர் டெல்பேப் என்பவர் எடுத்துக் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனத்திலிருந்து பினே போதிய பாடம் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்தபடி அதே மனிதரிடம் அதைவிடப் பன்மடங்கு பெரிய அடி வாங்கவேண்டியிருந்தது.

அக்காலத்தில் பாரிஸிலிருந்த சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியும், அதன் தலைவர் ஷார்க்கோவும் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றிருந்தனர். நரம்பு நோய்களில் ஷார்க்கோவின் வாக்கே வேதவாக்காக இருந்தது. நோயாளிகளை மோகநித்திரையில் ஆழ்த்தி அவர் நடத்திய காட்சிகளைப் பார்க்க வைத்தியர்களும் எழுத்தாளர்களும் திரண்டு வருவார்கள். 1883-ஆம் வருஷ வாக்கில் பினே அங்கே போய்ச் சேர்ந்தார். பெரே என்னும் இளம் வைத்தியருடன் கூடி, மோகநித்திரையிலிருந்த பெண்களிடம் காந்தத்தை வைத்துப் பரிசோதனைகள் செய்தார். இடக்கையில் ஏற்படுத்திய திமிர் காந்தத்தைத் திருப்பியவுடன் வலக்கைக்கு மாறியதாகவும், அழுகை சிரிப்பாகவும் சிரிப்பு அழுகையாகவும் காந்தத்தின் பலத்தினால் மாறியதாகவும் இருவரும் முழங்கினார்கள். சாஸ்திர உலகில் ஒரு புதிய சக்தியைக் கண்டுவிட்டதாகவே அவர்கள் எண்ணினார்கள்.

டெல்பேப் நேரில் வந்து பார்த்தார். பரிசோதனை செய்பவர்கள் பெரிய காந்தத்தை நோயாளியின் கண்ணெதிரிலேயே எடுத்துத் திருப்பினார்கள். எதை எதிர்பார்க்கிறார்களோ அதை அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். பல வருஷங்களாக அந்த ஆஸ்பத்திரியிலேயே வாழ்ந்து, டாக்டர்களின் முகக்குறிப்பை அறிந்து நடக்கப் பழகிய ஓர் ஏழைப்பெண் அவர்கள் விரும்பியதைச் செய்து காட்டியதில் அதிசயமென்ன? டெல்பேப் ஊருக்குத் திரும்பி, நோயாளிக்குக் குறிப்புத் தெரியாதபடி சோதித்தபொழுது காந்தத்தின் மகிமை மறைந்துபோயிற்று. நான்ஸி நகரத்து வைத்தியர்களும் இது முழுவதும் பிறர் ஏற்றிய எண்ணத்தின் விளைவே என்றனர். பினே முதலில் சினந்தார், பத்திரிகைகளில் வாதாடினார், எதிரிகளை ஏளனம் செய்தார். பல வருஷங்கள் அந்தப் பிடிவாதம் நீடித்தது. கடைசியில், 1890-க்குப் பிற்பட்ட சில ஆண்டுகளில், தம் ஆராய்ச்சிகளில் பிழைக்கு இடமிருந்ததென்பதை அச்சிலேயே ஒப்புக்கொண்டார்.

இந்த அத்தியாயத்தை நாம் விரித்து எழுதியதற்குக் காரணமுண்டு. தாம் காண விரும்புவதையே காணும் இயல்பு பரிசோதகனுக்கு இருக்கிறது என்பதையும், அதிகாரமுடையவர் முன்னிலையில் எளியோர் அவர் விரும்பும் விடையையே அளிப்பார்கள் என்பதையும் பினே புத்தகத்தில் படித்தல்ல, மானம் போய் அறிந்துகொண்டார். பின்னால் அவர் ஒரு குழந்தையின் முன் உட்கார்ந்து கேள்வி கேட்ட ஒவ்வொரு வேளையிலும் இந்தப் பழைய காயம் அவருக்கு ஞாபகமிருந்தது என்றே நாம் கொள்கிறோம்.

1884-இல் அவர் பல்பியானி என்னும் உயிர்நூல் பேராசிரியரின் குமாரத்தியை மணந்திருந்தார். மேட்லீன், ஆலிஸ் என்று இரண்டு பெண்குழந்தைகள் பிறந்தனர். ஆஸ்பத்திரியைத் துறந்த பினேக்கு வீடே ஆராய்ச்சிசாலையாயிற்று. குழந்தைகள் நடை பழகிய விதத்தைக்கூட அவர் கவனித்துக் குறித்துவைத்தார். மூத்தவள் கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலியோ மேஜையோ இருந்தால்தான் அடியெடுத்து வைப்பாள், கவனத்தைச் சிதறவிடமாட்டாள். இளையவளோ பற்றுக்கோடு எதுவுமில்லாத அறையின் நடுவிலே தள்ளாடிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். இரு குவியல்களில் எதில் வட்டுகள் அதிகம் என்று எண்ணத் தெரியாத குழந்தையைக் கேட்டால், எண்ணிக்கையைப் பார்க்காமல் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்த்தே அது விடையளிக்கிறது என்பதையும் அவர் தம் வீட்டில்தான் கண்டார்.

பெண்கள் வளர்ந்து சிறுமிகளானபின்னும் பரிசோதனை நிற்கவில்லை. சொற்களை எழுதச் சொல்வார். ஒரு பொருளைக் காட்டி வர்ணிக்கச் சொல்வார். ஒரு விஷயத்தை நினைக்கும்பொழுது மனத்தில் சித்திரம் எழுகிறதா என்று விசாரிப்பார். ஒருத்தி கண்ணெதிரிலிருக்கும் பொருளை ஒழுங்காக விவரிப்பாள். மற்றவள் அதைப் பார்த்தவுடன் கற்பனையில் எங்கோ பறந்துவிடுவாள். ஒரே வீடு, ஒரே தாய்தந்தையர், ஒரே உணவு. ஆயினும் இரண்டு மனங்கள் இரண்டு விதம். இவற்றுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. பெயர்களை மாற்றி, மார்கரீத் என்றும் ஆர்மாந்த் என்றும் வைத்து, 1903-இல் இவ்வாராய்ச்சியைப் பெரிய நூலாக வெளியிட்டார். அவருடைய நூல்களில் மிகச் சிறந்தது இதுவே என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. உலகமோ அதைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

இதற்கிடையில் 1891-இல் அவர் ஸார்போன் சர்வகலாசாலையிலிருந்த மனோதத்துவ ஆராய்ச்சிசாலையில் சம்பளமின்றிச் சேர்ந்தார். 1894-இல் அதன் தலைவரானார். அவ்வருஷமே பூச்சிகளின் நரம்பு மண்டலத்தைப் பற்றி எழுதி டாக்டர் பட்டமும் பெற்றார். மறு வருஷம் மனோதத்துவத்துக்கென ஓர் ஆண்டுமலரைத் தொடங்கினார். அப்பத்திரிகை இன்றும் வெளிவருகிறது. மனக்கணக்கில் பிரமிக்கத்தக்க ஆற்றல் படைத்த இனோடி, டியமாண்டி என்னும் இருவரையும், பலகையைப் பாராமலே சதுரங்கம் ஆடுவோரையும் சோதித்து நூல் எழுதினார். இனோடி ஆடுமேய்த்த பையன். எண்களைக் காதால் கேட்டே நினைவில் வைத்தான். மற்றவரோ எண்களைக் கண்ணால் கண்டதுபோல் மனத்தில் எழுதிவைத்தார். இத்தனை செய்தும் பிரான்ஸில் ஒரு பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1902-இல் காலேஜ் தெ பிரான்ஸ் ஸ்தானத்துக்குப் போட்டியிட்டார். அது பியேர் ழானேக்குப் போயிற்று. முறைப்படி குருவிடம் பயிலாதவரைப் பெரிய கலாசாலைகள் உள்ளே விடுவதில்லை என்பது எங்குமுள்ள கதைதான்.

தலையின் அளவைக் கொண்டு அறிவின் அளவைச் சொல்லலாம் என்னும் கொள்கை அந்நாளில் ஐரோப்பாவில் செல்வாக்குப் பெற்றிருந்தது. மனித ஜாதிகளைப் படிவரிசையில் நிறுத்தி, தங்களை உச்சியில் வைத்துக்கொள்வதற்கு வெள்ளையர் பலர் இதை ஆதாரமாகக் காட்டினர் என்பது நம் தேசத்தார் நன்கறிந்த விஷயம். பினேயும் முதலில் இதை நம்பியே பள்ளிக்கூடங்களுக்குப் போய், கெட்டிக்காரப் பிள்ளைகளின் தலையையும் பின்தங்கிய பிள்ளைகளின் தலையையும் அளந்தார். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டராகவே இருந்தது. அப்பொழுதுதான் பழைய காந்தம் அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். இன்னான் மந்தன் என்று தெரிந்துகொண்டு அளக்கும் கை, தன்னையறியாமல் அளவைக் குறைத்துவிடுமோ என்று ஐயுற்றார். அதே தலைகளைத் தாமும் தம் துணைவரும் தனித்தனியே அளந்து பார்த்ததில், இருவர் அளவுக்கும் உள்ள பேதமே அவர் தேடிய வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தது. தம்முடைய சொந்த எண்ணம் அளவில் புகுந்ததை அவர் ஒளிக்காமல் எழுதிவிட்டு, மண்டையோட்டை அறிவின் அளவாகக் கொள்ளும் நம்பிக்கையைக் கைவிட்டார்.

இனி அவரை உலகப் பிரசித்தராக்கிய காரியத்துக்கு வருவோம். 1882-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் பிரான்ஸில் 6 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகள் யாவருக்கும் கல்வி கட்டாயமாயிற்று. அதுவரை வயலிலும் பட்டறையிலும் கண்ணுக்குப் படாமலிருந்த பிள்ளைகளெல்லாம் வகுப்பறைக்கு வந்தார்கள். அவர்களிற் சிலர் வருஷக்கணக்காக ஒரே வகுப்பில் தேங்கினார்கள். இவர்களை என்ன செய்வது? பித்தர் விடுதிகளுக்கு அனுப்பிவிடலாமென்றனர் சிலர். பள்ளிக்கூடத்திலேயே தனி வகுப்பு வைத்துக் கற்பிக்கவேண்டும் என்றது பினே அங்கம் வகித்த, குழந்தைகளின் மனத்தை ஆராயும் சங்கம். 1904-இல் கல்வி மந்திரி இதற்கென ஒரு கமிஷனை நியமித்தார்; பினேயும் அதில் ஓர் அங்கத்தினர். சாதாரண முறையில் கற்க இயலாதவன் என்று பரிசோதித்து அறிந்தாலன்றி எந்தப் பிள்ளையையும் பொதுப்பள்ளியினின்று நீக்கலாகாது என்பது கமிஷனின் முடிவு.

நல்ல முடிவு. ஆனால் பரிசோதிப்பது எப்படி? வைத்தியர்கள் எழுதிக்கொடுத்த அத்தாட்சிப் பத்திரங்களைப் பினே எடுத்துப் பார்த்தார். ஒரே பிள்ளையைச் சில நாட்களுக்குள் பார்த்த பல டாக்டர்கள் ஆளுக்கொரு பெயர் சூட்டியிருந்தார்கள். ஒருவர் ஜடம் என்றார். மற்றவர் மந்தபுத்தி என்றார். இன்னொருவர் பரம்பரைக் கேடு என்றார். உபாத்தியாயர்களின் வாக்கையும் அவர் முழுதும் நம்பவில்லை. குறும்பு செய்யும் பையனை வகுப்பிலிருந்து ஒழித்துவிட இது தக்க சமயமென்று கருதும் உபாத்தியாயரும் இருப்பார் என்று எச்சரித்தார். பெற்றோரிலும் உண்மையை மறைப்போர் உண்டு. ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கும் தீர்ப்பு ஒருவருடைய மனப்போக்கைப் பொறுத்திருக்கலாகாது என்பதே அவர் கவலை.

பெரே-வாக்லூஸ் என்னுமிடத்தில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான விடுதியில் வேலை பார்த்துவந்த தியோடோர் ஸிமோன் என்ற இளம் வைத்தியரைத் துணைக்கொண்டு, 1905-இல் பினே 30 சோதனைகள் அடங்கிய ஓர் அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண் தொடர்கிறதா என்பது முதற் சோதனை. மரத்துண்டையும் சாக்லேட்டையும் வைத்தால் தின்னத்தக்கதைக் குழந்தை எடுக்கிறதா என்று பார்ப்பர். மூன்று எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லுதல், சித்திரத்திலுள்ள பொருளைப் பெயர் சொல்லுதல், எடை வித்தியாசமுள்ள பெட்டிகளை வரிசைப்படுத்துதல், ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன பேதம் என்று கூறுதல், மூன்று சொற்களைக் கொடுத்தால் அவற்றை ஒரே வாக்கியத்தில் அமைத்தல் என்று வரவரக் கடினமாகிச் செல்லும். எழுத்தறிவு இதற்கு அவசியமில்லை. பள்ளியில் சரிவரக் கற்பிக்கப்படாத பிள்ளைக்குக் கல்வியின் குறையை அறிவின் குறையாகக் கணக்கிட்டுவிடக்கூடாது என்பதற்காகவே அவ்வாறு அமைத்தார்.

சோதிக்கும் முறையைப் பற்றி அவரும் ஸிமோனும் விதித்த நியமங்கள் சோதனைகளைக் காட்டிலும் முக்கியமானவை என்பது நமது அபிப்பிராயம். சந்தடியற்ற அறை வேண்டும். குழந்தையை அன்போடு வரவேற்கவேண்டும். அது மிரண்டால் பழக்கமான ஒருவர் கூட இருக்கலாம். விடைக்கு அடியெடுத்துக் கொடுக்கலாகாது. சொன்னதை எழுதிக்கொள்வதோடு, எப்படிச் சொன்னது என்பதையும் கவனிக்கவேண்டும். இதைப் படிக்கும்பொழுது, நோயாளியின் காதுபடப் பேசிக் காந்தத்தைத் திருப்பிய பழைய பினேயா இவர் என்று நமக்குத் தோன்றுகிறது.

1908-இல் அளவுகோல் திருத்தப்பட்டது. 3 முதல் 13 வரை ஒவ்வொரு வயதுக்கும் அவ்வயதுப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் செய்யக்கூடியவை எவையென்று சாதாரணப் பிள்ளைகள் சுமார் 200 பேரைச் சோதித்து வகுத்தார்கள். மூன்று வயதுக் குழந்தை மூக்கு, கண், வாய் எவையென்று காட்டும். ஆறு வயதில் வலக்கை எது, இடக்காது எது என்று தெரியும். ஒன்பது வயதில் கடைக்காரனைப்போல் சில்லறை எண்ணிக் கொடுக்கும். எட்டு வயதுப் பையன் ஆறு வயதினர் செய்வதை மட்டுமே செய்தால் அவனுடைய மனோமட்டம் ஆறு என்று குறித்தார்கள். மட்டம் என்ற சொல்லையே பினே விரும்பினார். நிலத்தையோ துணியையோ அளப்பதுபோல் அறிவை அளப்பதாக அவர் உரிமை கொண்டாடவில்லை. அன்றைய தினத்தில் அப்பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டுவதே தம் வேலை என்றார். நாளைக்கு எந்தப் படிக்கு ஏறும் என்பதை அது சொல்லாது. வைத்தியப் பரிசோதனையும் பள்ளிப் பாடங்களில் பரிசோதனையும் இதனுடன் சேரவேண்டும் என்றும் கூறினார்.

பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் டெக்ரோலி என்னும் வைத்தியர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இச்சோதனைகளைச் செய்தபொழுது, அவர்கள் பாரிஸ் நகரத்து ஏழைப் பேட்டையின் பிள்ளைகளைவிட ஏறத்தாழ ஒன்றரை வருஷம் முன்னே நின்றார்கள். அளவுகோலின் பெருமையைக் காக்க வேறொருவராயிருந்தால், செல்வர் மக்கள் இயற்கையாகவே புத்திசாலிகள் என்று சொல்லியிருப்பர். பினே, வீட்டு நிலைமைக்கும் விடைகளுக்கும் சம்பந்தமிருக்கிறது என்பதை ஏற்று, எந்தெந்தக் கேள்விகளில் அவ்வித்தியாசம் மிகுதி என்று ஆராயத் தலைப்பட்டார். செல்வர் வீட்டில் மொழிப் பழக்கம் மிகுதியாதலால் மொழியைச் சார்ந்த கேள்விகளில் அவர்கள் முந்துகிறார்கள் என்பது தெரிந்தது.

பாரிஸில் கிராஞ்-ஓ-பெல் தெருவிலிருந்த ஒரு தொழிலாளர் பேட்டைப் பள்ளியில், தலைமை உபாத்தியாயர் வானே என்பவரின் ஒத்தாசையோடு 1905-இல் அவர் ஓர் ஆராய்ச்சி அறையைத் திறந்தார். அங்கே பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பாடத்தை உடனே புகட்டாமல், முதலில் கவனமும் உறுதியும் பழக்கினார்கள். சிலைபோல் அசையாமல் சிறிது நேரம் நிற்கும் விளையாட்டு ஒன்று. நீர் நிரம்பிய கிண்ணத்தைச் சிந்தாமல் ஒரு மேஜையிலிருந்து மற்றொரு மேஜைக்குக் கொண்டுபோவது மற்றொன்று. முதல் நாள் அறை முழுவதும் தண்ணீரும் சிரிப்புமாயிருந்ததைச் சொல்லவேண்டுமா! நாளடைவில் பிள்ளைகள் தேர்ந்தார்கள். கோணிய காலை நேராக்கும் வைத்தியம் எவ்வாறோ அவ்வாறே மனத்துக்கும் ஒரு பயிற்சி உண்டு என்றார் பினே. 1909-இல் வெளியிட்ட நூலில், ஒரு மனிதனின் அறிவு பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது, அதைப் பெருக்க முடியாது என்று பேசும் அறிஞர்களை அவர் வெகு கடுமையாகத் தாக்கினார். அது கொடுமையான அவநம்பிக்கை என்பது அவர் கருத்து. அவ்வருஷம் ஏப்ரல் 15-இல் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் அமைக்கும் சட்டமும் பிரான்ஸில் நிறைவேறியது.

அவரிடம் குறைகள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஜடம், மந்தம் என்ற சுடுசொற்களை வைத்தியர்களிடமிருந்து வாங்கி அவரே தரம்பிரித்து உபயோகித்தார். ஆறு வயதுக் குழந்தையிடம் இரண்டு முகங்களைக் காட்டி எது அழகு என்று கேட்கும் சோதனை அறிவைச் சோதிப்பதன்று, பாரிஸ்காரரின் ரஸனையைச் சோதிப்பதாகும். பேச்சிலுள்ள முரண்பாட்டைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க, பதினெட்டுத் துண்டாகக் கிடந்த ஒரு பெண்ணின் உடலைப் பற்றிச் சொல்லி, அவள் தற்கொலை செய்துகொண்டதாக முடிப்பார். பச்சைப் பிள்ளைகளிடம் சொல்லத்தக்க விஷயமா இது? நாடகாசிரியர் ஆந்த்ரே தெ லோர்த் என்பவருடன் சேர்ந்து, இரத்தம் உறையச் செய்யும் பயங்கர நாடகங்களையும் அவர் எழுதிவந்தார் என்றால் வாசகர்கள் ஆச்சரியப்படுவார்கள். அந்தப் பழக்கம் இங்கும் எட்டிப்பார்த்தது போலும்.

1911-இல் அளவுகோலை மறுபடி திருத்தினார். அவ்வருஷம் அக்டோபர் 18-ஆந் தேதி பாரிஸில் காலஞ்சென்றார். வயது 54.

அவர் உயிரோடிருக்கும்போதே அளவுகோல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்துவிட்டது. நியூ ஜெர்ஸி மாகாணத்தில் வைன்லாண்ட் விடுதியிலிருந்த கோடர்ட் என்பவர் 1908-இல் அதை ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டார். பினேயின் எச்சரிக்கைகளோ கப்பலேறவில்லை. கோடர்டுக்கு அறிவு என்பது பரம்பரையாக இறங்கும் ஒற்றைப் பொருள். 1913-இல் அவருடைய உதவியாளர்கள் நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், கப்பலின் அடித்தட்டில் பல நாள் பிரயாணம் செய்து களைத்து இறங்கிய ஏழை யூதர்களையும் இத்தாலியர்களையும் ருஷ்யர்களையும் ஹங்கேரியர்களையும் நிறுத்தி, மொழிபெயர்ப்பாளர் மூலம் கேள்வி கேட்டார்கள். அவ்வாறு சோதித்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் மந்தபுத்தியினர் என்று முடிவு கூறப்பட்டது! பிரெஞ்சுப் பிள்ளைகளுக்காக அமைந்த கேள்விக்குப் பசியோடும் பயத்தோடும் நின்ற அயல்நாட்டுக் குடியானவன் விடை சொல்லத் தெரியாமல் விழித்தால் அது அவன் வம்சத்தின் குற்றமாயிற்று.

ஜெர்மனியில் ஸ்டெர்ன் என்பவர் 1912-இல் மனோவயதை உண்மை வயதால் வகுக்கும் கணக்கைப் புகுத்தினார். 1916-இல் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையின் டெர்மன் அதை நூறால் பெருக்கி, இன்று எல்லோர் வாயிலும் அடிபடும் அறிவு ஈவு என்ற ஒற்றை எண்ணை நிலைநாட்டினார். பினே படி என்றது இங்கே முத்திரையாகிவிட்டது. 1917-இல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியவுடன் ஏறக்குறைய 17½ லட்சம் சிப்பாய்கள் கூட்டங் கூட்டமாகச் சோதிக்கப்பட்டார்கள். எழுத்தறிந்தவருக்கு ஒன்று, அறியாதவருக்கு ஒன்று என்று இரண்டு வினாத்தாள்கள். அம்முடிவுகளைக் கொண்டு ஐரோப்பிய ஜாதியாரையும் நீக்ரோவரையும் மேல்கீழாக வரிசைப்படுத்தி நூல்கள் எழுதப்பட்டன. தென் ஐரோப்பியரையும் கீழ் ஐரோப்பியரையும் உள்ளே விடலாகாது என்று கிளர்ச்சி செய்தவர்கள் அந்நூல்களை ஆயுதமாகக் கொண்டனர். 1924-இல் குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. சோதனைகள் மட்டுமே அதற்குக் காரணமல்ல. வேறு துவேஷங்கள் போதிய அளவு இருந்தன. ஆனால் அத்துவேஷங்களுக்குச் சாஸ்திரத்தின் அங்கி கிடைத்தது.

1927-இல் நடந்தது இன்னும் கொடியது. வர்ஜினியா மாகாணத்தில் விடுதியொன்றில் அடைக்கப்பட்டிருந்த ஓர் இளம்பெண்ணையும் அவள் தாயையும் இச்சோதனையின் ஒரு பதிப்பால் அளந்து மந்தபுத்தியினர் என்று முடிவு கட்டினார்கள். கைக்குழந்தையான அவள் மகளையும் சரியில்லாததென்று ஒருவர் பார்வையாலேயே சொல்லிவிட்டார். அப்பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்குழந்தை பின்னர்ப் பள்ளிக்கூடத்திற் சேர்ந்து, நன்றாகப் படிப்போர் பட்டியலில் இடம்பெற்றது. எட்டு வயதில் நோயால் மாண்டது. அந்தத் தீர்ப்பைத் துணையாகக் கொண்டு பல மாகாணங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு அவ்வறுவை செய்யப்பட்டது.

இங்கிலாந்திலும் 1944-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தின் பின் பதினொரு வயதில் நடத்திய பரீக்ஷை, ஒரு பகற்பொழுதில் பிள்ளைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பகுதியாரைச் சர்வகலாசாலைக்குச் செல்லும் பாதையினின்று விலக்கிற்று. அறிவு பெரும்பாலும் பரம்பரைச் சொத்து என்று அங்கே பல்லாண்டுகள் வாதித்த ஸிரில் பர்ட்டின் புள்ளிவிவரங்களே நம்பத்தகாதவை என்பது 1971-இல் அவர் மறைந்தபின் அம்பலமாயிற்று.

நம் தேசத்துக்கும் பினேயின் அளவுகோல் வந்தது. லாகூர் கிறிஸ்தவக் கலாசாலையைச் சேர்ந்த ரைஸ் என்பவர் 1929-இல் ஹிந்துஸ்தானியில் ஒரு பதிப்பு வெளியிட்டார். பம்பாய்-கர்நாடகப் பிரதேசத்தில் ஸ்ரீ வி. வி. காமத் கன்னடத்திலும் மராத்தியிலும் அதை அமைத்து, 1940-இல் நூலாகப் பிரசுரித்தார். பாரிஸ் குழந்தை அறியும் பொருளை தார்வாட் குழந்தை அறியவேண்டுமென்பதில்லை. ஆதலால் கேள்விகளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, இந்நாட்டுப் பிள்ளைகளையே சோதித்து வயதுக்குரிய அளவை வகுக்கவேண்டும் என்ற உணர்ச்சி அந்த முயற்சிகளில் இருந்தது. அந்த உணர்ச்சி இன்று எவ்வளவு பேருக்கு இருக்கிறது? ஆங்கிலத்தில் அமைந்த வினாக்களை அவ்விடத்திலேயே தமிழில் சொல்லிப் பார்த்து, வந்த எண்ணை அயல்நாட்டு அட்டவணையில் தேடி, அறிக்கையில் எழுதிக் கையெழுத்திடுவது பரிசோதனையாகாது.

1979-இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி, கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளை அறிவு ஈவைக் கொண்டு மந்தபுத்தி வகுப்புகளுக்கு அனுப்பலாகாது என்று தடைவிதித்தார். பாரிஸில் 1904-இல் பினே எதைத் தடுக்க முற்பட்டாரோ அதைத் தடுக்கவே எழுபத்தைந்து வருஷங்களுக்குப் பின் நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தது. தடுக்கப்பட்டதோ அவருடைய அளவுகோலின் சந்ததி. இந்தியாவில் 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அறிவில் குறைவில்லாதிருந்தும் படிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ தனித்த இடர்ப்பாடுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இத்தகைய பிள்ளையை இனங்காண அறிவுச் சோதனையும் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகளும் கண், காது பரிசோதனையும் சேர்ந்தே நடக்கவேண்டியிருக்கின்றன. பரீக்ஷையில் கூடுதல் நேரமோ, எழுதித்தர ஒரு துணையோ பெறுவதற்கு அந்த அறிக்கையே அவனுக்குச் சீட்டு. அந்தச் சீட்டைக் கையிலேந்தி வரும் தாயிடம், இப்பையனுக்கு வேறு பள்ளி பாருங்கள் என்று சொல்லி அனுப்பும் பள்ளிகளும் இருக்கின்றன என்று கேள்விப்படுகிறோம்.

பினேயின் துணைவர் ஸிமோன் நெடுநாள் வாழ்ந்தார். தாங்கள் இருவரும் செய்த கருவி உலகெங்கும் பரவியதையும், ஒரு பிள்ளையின் முழு மனத்தையும் ஓர் எண்ணுக்குள் அடைத்ததையும் அவர் தம் கண்ணாலேயே கண்டார். அவ்வெண்ணை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. தங்கள் அளவுகோலின் நோக்கத்துக்கு இழைத்த துரோகமென்றே அதைச் சொல்லிவந்தார். அவர் 1961-இல் காலமானார்.